கமுலியின் கொசுவலை ஆய்வு: ஏழை நாட்டில் ஓர் அறுவை சிகிச்சையை நிரூபிக்க என்னென்ன வேண்டியிருக்கிறது?

2016 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில், கிழக்கு உகாண்டாவின் கமுலி என்ற ஊரில் நடந்த ஓர் அறுவை சிகிச்சை ஆய்வு வெளியானது. குடலிறக்கம் கண்ட 302 ஆண்கள் அதில் பங்கேற்றார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நிறுவனத் தயாரிப்பு வலை வைக்கப்பட்டது. மற்றவர்களுக்குக் கிருமிநீக்கம் செய்த கொசுவலைத் துணி வைக்கப்பட்டது. ஓராண்டு கழித்துப் பரிசோதித்தபோது, கொசுவலை வைத்தவர்களில் ஒருவருக்கு, அதாவது 0.7 சதவீதத்தினருக்கு, குடலிறக்கம் திரும்ப வந்திருந்தது. நிறுவன வலை வைத்தவர்களில் யாருக்கும் வரவில்லை. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் கொசுவலைத் தரப்பில் 44 பேருக்கும் (30.8 சதவீதம்) நிறுவன வலைத் தரப்பில் 44 பேருக்கும் (29.7 சதவீதம்) ஏற்பட்டிருந்தன. புள்ளியியல் கணக்கில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

கொசுவலைத் துணியை அறுவை வலையாகப் பயன்படுத்தும் யோசனை அப்போது புதிதாகப் பிறந்ததன்று. மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்திலுள்ள தோண்டாயிச்சாவில் ரவீந்திரநாத் டோங்காவ்கர் என்ற கிராமப்புற அறுவை மருத்துவர் 1990களிலேயே அதைச் செய்துகொண்டிருந்தார். 2003இல் அவரும் சக மருத்துவர்களும் பல மருத்துவமனைகளில் செய்த 359 குடலிறக்க அறுவைகளின் விவரத்தை இந்தியன் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் வெளியிட்டார்கள். ஆனாலும் 2016 கட்டுரை, கொசுவலை பயன்பாட்டில் இருக்கிறது, கறாராக ஆராயப்படவில்லை என்றுதான் தொடங்குகிறது. அந்த வாக்கியம் உண்மைதான். ஒரு சிகிச்சை பயனுள்ளது என்று அதைச் செய்கிறவர்களுக்குத் தெரிந்த நாளுக்கும், உலகம் ஏற்கும் சான்று கிடைத்த நாளுக்கும் இடையே பத்தாண்டுக்கும் மேல் ஓடியிருக்கிறது. அந்த இடைவெளியில் என்ன தடையாக இருந்தது, கமுலியில் அது எப்படித் தாண்டப்பட்டது, எது இன்னும் தாண்டப்படவில்லை என்பதைத்தான் இந்த நிகழ்வு ஆய்வில் பார்க்கப்போகிறோம்.

நோயும் விலையும்

தொடை இடுக்கில் வயிற்றுச் சுவரின் தசை பலவீனமான இடத்தில் குடல் பிதுங்கி வருவதுதான் இந்தக் குடலிறக்கம். படுத்தால் உள்ளே போகும், எழுந்து நின்றால், இருமினால், மூட்டை தூக்கினால் வெளியே வரும். பல ஆண்டுகள் இதனோடு வாழ்கிறவர்கள் உண்டு. என்றாவது ஒருநாள் பிதுங்கிய குடல் உள்ளே போகாமல் இறுகிக்கொண்டால், ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் உயிர் போகும். உழுகிறவர், சுமை தூக்குகிறவர் ஆகியோருக்கு அந்த நாள் வரும் முன்பே கூலி போய்விடுகிறது. வலியோடு வேலை செய்ய முடியாது, வேலை செய்யாமல் அறுவைக்குப் பணம் சேர்க்கவும் முடியாது.

இத்தாலியின் எடோவார்டோ பஸ்ஸினி 1887 முதல் தசையைத் தசையோடு இழுத்துத் தைக்கும் முறையை அறிவித்தார். இழுத்துத் தைத்த தசை நாளடைவில் விட்டுக்கொடுக்கும், அதனால் கணிசமான பேருக்குக் குடலிறக்கம் திரும்பும். 1980களில் லாஸ் ஏஞ்சலஸில் லிக்டென்ஸ்டைன் குழுவினர், தசையை இழுக்காமல் அதன்மேல் செயற்கை இழை வலையைப் பரப்பித் தைக்கும் முறையை நிலைநிறுத்தினார்கள். பணக்கார நாடுகளில் அதுவே வழக்கமாகிவிட்டது. ஏழை நாடுகளில் பஸ்ஸினியின் தையலே நீடித்தது. காரணம் வலையின் விலை. உள்ளங்கை அளவுள்ள அந்த வலைக்கு நூறு டாலருக்கு மேல் ஆகும். அதே அளவு கொசுவலைத் துணிக்கு ஒரு டாலர்கூட ஆகாது.

உகாண்டாக் குழு சிகிச்சை ஆய்வோடு நிற்காமல், நோயின் அளவையும் கணக்கெடுத்தது. இகங்கா, மயுகே மாவட்டங்களில் மக்கேரேரே பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஒரு மக்கள்தொகைக் கண்காணிப்புக் களம் இருக்கிறது. வீடு வீடாகப் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி ஆகியவற்றைப் பதிந்துவரும் இடம் அது. அங்கே ஆண்களைப் பரிசோதித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், 6.6 சதவீதத்தினருக்குச் சிகிச்சை பெறாத குடலிறக்கம் இருந்தது தெரிந்தது. மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால் இந்த எண் கிடைத்திருக்காது. மருத்துவமனைக்கே வராதவர்கள் அந்தப் பதிவேட்டில் எப்படி இருப்பார்கள்? வளரும் நாடுகளின் அறுவை ஆய்வில் முதல் தடங்கல் இங்கேயே தொடங்குகிறது. நோயாளிகளில் பெரும்பங்கினர் எந்த ஏட்டிலும் இல்லாதவர்கள். 2015இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் சொன்ன கணக்கை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்: பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டாதவர்கள் உலகில் 500 கோடிப் பேர். ஆண்டுதோறும் நடக்கும் சுமார் 31 கோடி அறுவைகளில், உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலானோர் வாழும் மிக ஏழை நாடுகளுக்குக் கிடைப்பது 6 சதவீதம்.

359 அறுவைகள் ஏன் போதவில்லை?

தோண்டாயிச்சாப் பணியைச் சிலர் ஆய்வாகவே மதிப்பதில்லை. அது நியாயமில்லை. பெரிய மருத்துவக் கல்லூரியோ ஆராய்ச்சி நிதியோ இல்லாத சிறு ஊரில், தன் நோயாளிகளின் தேவையிலிருந்து ஒரு கேள்வியை எழுப்பி, மற்ற ஊர் மருத்துவர்களையும் சேர்த்துக்கொண்டு விவரங்களைத் தொகுத்து இதழில் பதிப்பித்தது அரிய உழைப்பு. கேள்வி அங்கிருந்துதான் வந்தது. பல்கலைக்கழகம் எதுவும் அதைக் கேட்கவில்லை.

ஆனாலும் 359 அறுவைகளிலும் ஒரே வகை வலை வைத்துவிட்டு, நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லும்போது ஒரு கேள்வி எழும்: வேறு வலை வைத்திருந்தால் எப்படி இருந்திருப்பார்கள்? அதற்கு விடை வேண்டுமென்றால் ஒப்பிட இன்னொரு தரப்பு வேண்டும். யாருக்கு எந்த வலை என்பதை மருத்துவர் தீர்மானிக்கக் கூடாது, குலுக்கலில் முடிவாக வேண்டும். எந்த வலை வைக்கப்பட்டது என்று அறியாத ஒருவர் பின்னர் பரிசோதிக்க வேண்டும். இவற்றையெல்லாம் அறியாதவர்கள் அல்லர் கிராமப்புற மருத்துவர்கள். காலையில் ஓபி பார்த்து, பகலில் அறுவை செய்து, இரவில் பிரசவத்துக்கு எழுந்து போகும் ஒருவரால் இவற்றைச் செய்து முடிக்க இயலாது. ஒப்பீட்டுத் தரப்புக்கு விலையுயர்ந்த வலை வாங்கப் பணம் வேண்டும். பதிவுக்கு ஆள் வேண்டும். கரும்பு வெட்டவும் கூலி வேலைக்கும் மாதக்கணக்கில் இடம்பெயரும் குடும்பங்களைத் தேடிப்போக வண்டியும் ஆளும் வேண்டும்.

இந்தப் பணத்தை யார் தருவார்கள்? புதிய மருந்துக்கோ புதிய கருவிக்கோ ஆய்வு நடந்தால் அதைத் தயாரிக்கும் நிறுவனம் செலவைச் சுமக்கும், பின்னால் விற்று எடுத்துக்கொள்ளும். கொசுவலைத் துணிக்குக் காப்புரிமை கிடையாது. விற்றால் லாபமும் கிடையாது. மலிவான தீர்வுகள் ஆராயப்படாமல் கிடப்பதற்கு முதன்மையான காரணமாக நான் காண்பது இதைத்தான். மக்களுக்கு மிச்சமாகும் பணம் எந்த நிறுவனத்தின் வரவுக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆகவே அந்த மிச்சத்தை நிரூபிக்கச் செலவிடவும் எவரும் முன்வருவதில்லை. அரசு நிதியோ பொது நிதியோதான் வர வேண்டும். கமுலி ஆய்வுக்கு ஸ்வீடன் நாட்டின் ஆராய்ச்சி மன்றமும் பிறரும் நிதி தந்தார்கள். இந்தியாவில் பிறந்த கேள்வி, உகாண்டாவில், ஸ்வீடன் பணத்தில் விடை கண்டது.

எதோடு ஒப்பிடுவது?

ஆய்வின் வடிவமைப்பில் மிகவும் கடினமான முடிவு இதுதான் என்று கருதுகிறேன். உகாண்டாவின் மாவட்ட மருத்துவமனைகளில் அப்போது நடைமுறையில் இருந்தது வலையில்லாத் தையல். கொசுவலையை அந்தத் தையலோடு ஒப்பிட்டிருந்தால் வாங்க வேண்டிய பொருளும் குறைவு, செலவும் குறைவு. உள்ளூர் நிலைமைக்குப் பொருத்தமான கேள்வி என்றுகூட வாதிடலாம். ஆனால் அப்படி ஒப்பிட்டுக் கொசுவலை வென்றிருந்தால், ‘இல்லாததற்கு இது மேல்’ என்பதற்கு அப்பால் எதையும் சொல்லியிருக்க முடியாது. ஏழைகளுக்கு இரண்டாந்தரம் போதும் என்று நினைத்துச் செய்த ஆய்வு என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் இருந்திருக்காது.

உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம், புதிய சிகிச்சையை நிரூபிக்கப்பட்ட மிகச் சிறந்த சிகிச்சையோடு ஒப்பிட வேண்டும் என்கிறது. கமுலிக் குழு அந்த வழியில் சென்றது. எடை குறைந்த நிறுவன வலையை ஒரு தரப்பிலும் அதே போன்ற எடையுள்ள கொசுவலைத் துணியை மறு தரப்பிலும் வைத்தது. அதனால்தான் ஸ்டாக்ஹோமிலோ சென்னையிலோ இருக்கும் மருத்துவர் ஒருவரும் முடிவைத் தள்ளிவிட முடியாமல் போயிற்று.

இந்தத் தேர்வு இன்னொரு நெறிமுறைச் சிக்கலைக் கொண்டுவந்தது. ஒப்பீட்டுத் தரப்பில் சேர்ந்தவர், தன் ஊரில் வேறு எவருக்கும் கிடைக்காத விலையுயர்ந்த வலையைப் பெறுகிறார். ஆய்வு முடிந்த மறுநாள் வரும் அண்டை வீட்டுக்காரருக்கு அது கிடைக்காது. ஆய்வு என்ற பெயரில் தேர்ந்த மருத்துவரும் நல்ல கவனிப்பும் கிடைக்கும்போது, வேறு வழியில்லாத ஒருவர் தரும் சம்மதம் எந்த அளவுக்குச் சுதந்திரமானது? கமுலி மட்டுமல்ல, அரசு மருத்துவமனை வரிசையில் நின்று நாள் குறிப்பதற்கே மாதங்கள் ஆகும் எந்த நாட்டிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. ஒப்புதல் படிவத்தை உள்ளூர் மொழியில் எழுதுவதாலோ பெருவிரல் ரேகை வாங்குவதாலோ மட்டும் இது தீராது. ‘சேராவிட்டாலும் உங்களுக்கு இதே அறுவை நடக்கும்’ என்று சொல்லவும், சொன்னதைச் செய்யவும் மருத்துவமனையால் முடிய வேண்டும். அந்த வாக்குறுதியைத் தர முடியாத இடத்தில் ஆய்வைத் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து.

குலுக்கலைப் புரியவைப்பதும் எளிதன்று. மருந்து ஆய்வில் இரண்டு மாத்திரைகளும் ஒரே நிறத்தில் இருக்கும். அறுவையில் மருத்துவர் கையில் எடுக்கும்போதே எது எதுவென்று தெரிந்துவிடும். எனவே மறைக்க வேண்டியது நோயாளியிடமிருந்தும், பின்னர் பரிசோதிப்பவரிடமிருந்தும். அறுவை செய்தவரே பின்னாளில் ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று எழுதினால் அந்த எழுத்துக்கு மதிப்புக் குறைவு. ஒன்றிரண்டு அறுவை மருத்துவர்கள் மட்டும் இருக்கும் மருத்துவமனையில், அறுவையோடு தொடர்பில்லாத, ஆனால் குடலிறக்கத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவரை எங்கிருந்து கொண்டுவருவது? கமுலி ஆய்வில் நான்கு தகுதிபெற்ற அறுவை மருத்துவர்கள் அறுவை செய்தார்கள். உகாண்டாவின் மாவட்ட அளவில் ஒரே ஆய்வுக்கு நான்கு பேர் கிடைப்பது சாதாரண விஷயமன்று. ஆய்வின் முடிவை மற்ற மாவட்டங்களுக்குப் பொருத்தும்போது இதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அங்கே கத்தி பிடிப்பது பெரும்பாலும் பொது மருத்துவர், அல்லது மருத்துவர் பட்டமே இல்லாத பயிற்சி பெற்ற சிகிச்சைப் பணியாளர்.

எந்தக் கொசுவலை?

செய்தித்தாள்கள் ‘கொசுவலையால் குடலிறக்க அறுவை’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டன. ஆய்வில் பயன்படுத்தியது கடையில் தொங்கும் ஏதோ ஒரு வலை அன்று. பாலிஎத்திலீன் இழையால் நெய்த, பூச்சிமருந்து தோய்க்காத, எடையும் துளை அளவும் அளந்து அறிந்த துணி. ஆப்பிரிக்காவில் மலேரியாத் தடுப்புக்காக வீடுதோறும் வழங்கப்படும் வலைகளில் பூச்சிமருந்து ஊறியிருக்கும். அதை உடலுக்குள் வைக்கக் கூடாது. சில இடங்களில் நைலான் வலையும், சில இடங்களில் பாலியெஸ்டர் வலையும் பயன்பட்டிருக்கின்றன. டோங்காவ்கர் தொடக்கத்தில் எடுத்தது பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் கலந்த இழை. இவை ஒவ்வொன்றும் உடலுக்குள் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளக்கூடியவை. ஒன்றைச் சோதித்து மற்றொன்றுக்குச் சான்றிதழ் தர முடியாது.

கிருமிநீக்கமும் அப்படித்தான். மருத்துவமனை ஆட்டோகிளேவில் வழக்கமாக 121 டிகிரி அல்லது 134 டிகிரி செல்சியஸில் நீராவி ஏற்றுவார்கள். பருத்தித் துணிக்கும் எஃகுக் கருவிக்கும் இரண்டுமே சரி. மெல்லிய பாலிஎத்திலீன் இழை கூடுதல் வெப்பத்தில் சுருங்கும், உருக்குலையும். வெப்பம் குறைந்தால் கிருமி தங்கும். மின்சாரம் விட்டுவிட்டு வரும், அழுத்தமானி பழுதான ஓர் ஆபரேஷன் தியேட்டரில் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சரியான வெப்பத்தை ஒவ்வொரு முறையும் பிடிக்க வேண்டும். ஆய்வுக் காலத்தில் கவனமாகச் செய்யலாம். ஆய்வுக்குப் பின் பத்தாண்டுகள் அதே கவனம் நீடிக்குமா என்பது வேறு கேள்வி.

இதில் நிறைய பேர் கவனிக்காத ஒரு சங்கடம் உண்டு. அந்தத் துணியைத் தயாரிக்கும் ஆலை அதை மருத்துவப் பொருளாக விற்கவில்லை. நாளை மலிவான மூலப்பொருள் கிடைத்தால் இழையின் கலவையை மாற்றிவிடும். சாயத்தை மாற்றும். எவருக்கும் சொல்ல வேண்டிய கடமை அதற்கு இல்லை. 302 பேரைக் கொண்ட ஆய்வில் நிரூபித்த பொருள் சத்தமின்றி வேறொன்றாகிவிடக்கூடும். இந்தியாவில் அறுவை வலைகள் மருத்துவக் கருவிகளுக்கான சட்ட விதிகளுக்கு உட்பட்டவை. அந்த விதிகளின்படி ஒரு ஆய்வு நடத்தினால், பாதிப்பு ஏற்படும்போது இழப்பீட்டுக்கு ஆய்வின் ஸ்பான்சர் பொறுப்பேற்க வேண்டும். தயாரிப்பாளரே உரிமை கோராத துணிக்கு அந்தப் பொறுப்பை யார் ஏற்பார்கள்? நோயாளியைப் பாதுகாக்கும் அந்த விதி வேண்டியதுதான். அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. பொது நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு அரசே அந்தப் பொறுப்பை ஏற்கும் ஏற்பாடு இருந்தால்தான் இத்தகைய கேள்விகள் தோண்டாயிச்சா போன்ற ஊர்களிலேயே விடை காணும்.

வீடு திரும்பியவரை மீண்டும் காண்பது

கமுலி ஆய்வின் எல்லா எண்களிலும் எனக்கு மிகவும் பெரியதாகத் தெரிவது 95.6. ஓராண்டுக்குப் பின் மீண்டும் பரிசோதிக்கப்பட்டவர்களின் சதவீதம் அது. இரண்டு வாரத்தில் 97.3.

அதன் மதிப்பை ஒரு கணக்குப் போட்டால் உணரலாம். 302 பேரில் ஓராண்டுப் பரிசோதனைக்குக் கிடைக்காதவர்கள் சுமார் 13 பேர். மொத்த ஆய்விலும் குடலிறக்கம் திரும்பியவர் ஒருவர். காணாமல் போன 13 பேரில் நான்கைந்து பேர் கொசுவலைத் தரப்பைச் சேர்ந்தவர்களாக இருந்து, அவர்களுக்கெல்லாம் குடலிறக்கம் திரும்பியிருந்தால், முடிவின் நிறமே மாறிவிடும். இப்போது தொடர் பரிசோதனைக்கு 70 சதவீதம் பேர் மட்டும் வந்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 பேரின் நிலை தெரியாத ஆய்வில் ‘ஒன்றுக்குப் பூச்சியம்’ என்ற எண்ணுக்கு எந்தப் பொருளும் இருக்காது. ஏழை நாடுகளில் நடந்த எத்தனையோ நல்ல அறுவைத் தொகுப்புகள் இந்த இடத்தில்தான் நம்பகம் இழந்திருக்கின்றன. வராதவர்கள் நலமாக இருப்பதால் வரவில்லையா, அல்லது மனம் வெறுத்து வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார்களா, இறந்தே போனார்களா என்று தெரிவதில்லை.

ஆய்வுக் குழுவிலிருந்த பேர் நோர்டின் ஸ்வீடன் குடலிறக்கப் பதிவேட்டோடு தொடர்புடையவர். 1992இல் தொடங்கிய அந்தப் பதிவேட்டில் அந்நாட்டின் ஏறக்குறைய எல்லாக் குடலிறக்க அறுவைகளும் ஏறுகின்றன. ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் அடையாள எண் இருப்பதால், பத்து ஆண்டுகள் கழித்து வேறு நகரத்தில் அதே இடத்தில் மறு அறுவை நடந்தாலும் தெரிந்துவிடும். அங்கே தொடர் கண்காணிப்புக்கு யாரும் தெருவில் நடக்க வேண்டியதில்லை. கமுலி அமைந்திருக்கும் புசோகா வட்டாரத்துக் கிராமங்களில் தெருப் பெயர் கிடையாது, வீட்டு எண் கிடையாது. ஒரே கைப்பேசியைக் குடும்பமே பயன்படுத்தும், எண் மாறும். மருத்துவமனைக்கு வந்துபோக ஒரு நாள் கூலியும் பயணச் செலவும் போகும். வலியில்லாமல் நலமாக இருப்பவர், ‘நலமாக இருக்கிறேன்’ என்று சொல்வதற்காக அந்தச் செலவைச் செய்ய மாட்டார். யாருமே செய்ய மாட்டோம்.

ஆகவே ஆய்வின் உண்மையான உழைப்பு தியேட்டருக்கு வெளியே இருக்கிறது. ஊர்த் தலைவரின் பெயர், அருகிலுள்ள கோயில் அல்லது கடை, இரண்டு உறவினரின் எண் என்று சேரும் நாளிலேயே எழுதிவைப்பது, பயணப்படி கொடுப்பது, வராதவரைத் தேடிப் போவது என்று அது விரிகிறது. ஆசிரியர்களில் ஒருவரான எட்வர்ட் கலிவாங்கோ இகங்கா-மயுகே களத்தோடு தொடர்புடையவர் என்பது தற்செயல் அன்று. மக்களை வீடு வீடாகப் பதிந்து பழகிய ஒரு வட்டாரத்தில் ஆட்களைத் திரும்பக் கண்டுபிடிக்கும் திறன் ஏற்கெனவே வளர்ந்திருக்கும். நிதி தருகிறவர்கள் பொதுவாகக் கருவிக்கும் பயிலரங்குக்கும் மனமுவந்து தருவார்கள். இரு சக்கர வண்டிக்குப் பெட்ரோல், களப்பணியாளருக்கு ஓராண்டுச் சம்பளம் என்று கேட்டால் தயங்குவார்கள். அறுவை ஆய்வுக்கு நிதி கேட்டு எழுதும் இளம் மருத்துவர்கள், திட்டத்தின் முதல் பக்கத்திலேயே அந்தச் சம்பளத்தை எழுதுங்கள் என்று வலியுறுத்துவேன்.

சிக்கல்கள் 30 சதவீதம் என்ற எண்ணையும் இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். தேடிப்போய்ப் பரிசோதித்தால் சிறிய வீக்கமும் ரத்தக்கட்டும்கூடக் கணக்கில் வரும். தேடாத மருத்துவமனையின் ஏட்டில் சிக்கல் 3 சதவீதம் என்றிருக்கும். பார்க்கிறவர்களுக்கு அந்த மருத்துவமனை மேலானதாகத் தோன்றும். நேர்மையாகக் கணக்கெடுக்கிறவருக்கு இப்படி ஒரு தண்டனை காத்திருப்பதால்தான் பல இடங்களில் கணக்கெடுக்கவே தயங்குகிறார்கள்.

ஆய்வு எதைச் சொல்லவில்லை

இரு தரப்புக்கும் இடையிலான வேறுபாடு 0.7 சதவீதப் புள்ளி. அதன் நம்பக இடைவெளி மைனஸ் 1.2 முதல் 2.6 வரை. அதாவது கொசுவலையில் குடலிறக்கம் திரும்பும் வாய்ப்பு நிறுவன வலையைவிட இரண்டரைப் புள்ளிவரை கூடுதலாக இருப்பதற்கும் இந்த ஆய்வில் இடம் இருக்கிறது. அதைவிடப் பெரிய தீங்கு இருக்க வாய்ப்பில்லை என்றுதான் சொல்ல முடியும். பழைய தையலோடு பார்க்கும்போது இது சிறிய அபாயம். இதைவிட நுட்பமாக அறிய ஆயிரக்கணக்கான நோயாளிகள் வேண்டும், ஒரு மருத்துவமனையால் ஆகாது.

ஓராண்டு என்பதும் குறைவான காலம். குடலிறக்கம் ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்தும் திரும்பும். முதல் முறையாக, ஒரு பக்கம் மட்டும் வந்த, உள்ளே தள்ளினால் போகக்கூடிய குடலிறக்கம் கொண்ட வயதுவந்த ஆண்களே சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் இல்லை. நள்ளிரவில் குடல் இறுகிப்போய் வருகிறவர்கள் இல்லை. மாவட்ட மருத்துவமனைகளில் உயிரிழப்பவர்கள் அந்தக் கடைசி வகையினர்தான்.

ஆசிரியர் பட்டியல் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் பெயர் ஜெனி லோஃப்கிரென், கடைசிப் பெயர் ஆந்த்ரேயாஸ் விலாடிஸ், இருவரும் ஸ்வீடன்காரர்கள். மருத்துவ உலகில் மதிப்பு மிகுந்த இடங்கள் இவ்விரண்டும். சார்லஸ் இபிங்கிரா, அல்ஃபோன்சஸ் மடோவு, கலிவாங்கோ ஆகிய மூன்று உகாண்டா ஆய்வாளர்களின் பெயர்கள் நடுவில் இருக்கின்றன. இந்தக் குழு களத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்து உழைத்தது, தரவை அள்ளிக்கொண்டு பறந்துபோன குழுக்களோடு இதைச் சேர்த்துப் பேசுவது தவறு. ஆனால் நிதி எங்கிருந்து வருகிறதோ அங்கேயே முதல் பெயரும் போவது பரவலான வழக்கம். உள்ளூர் ஆய்வாளர் தலைமையேற்கும் தகுதியை அந்தப் பெயர் வரிசை வழியாகத்தான் பெறுகிறார், அடுத்த நிதியும் அதை வைத்துத்தான் கிடைக்கிறது.

பின்னர் நடந்தவை

உகாண்டா ஆய்வு விட்டுவைத்த கேள்விகளில் ஒன்று, அறுவை நிபுணர் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பது. சியரா லியோனில் அதை ஆராய்ந்தார்கள். அங்கே மருத்துவர் பட்டம் இல்லாத சிகிச்சைப் பணியாளர்களுக்கு அறுவைப் பயிற்சி தரும் திட்டம் இருக்கிறது. 229 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு தரப்புக்கு மருத்துவர்களும் மறு தரப்புக்கு அந்தப் பணியாளர்களும் வலை வைத்து அறுவை செய்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் குடலிறக்கம் திரும்பியது மருத்துவர்கள் தரப்பில் 6.9 சதவீதம், பணியாளர்கள் தரப்பில் 0.9 சதவீதம். பட்டத்தைவிடத் தொடர்ந்து செய்து பழகிய கை முக்கியம் என்று நான் இதைப் படிக்கிறேன்.

ஆயிரக்கணக்கில் நோயாளிகள் வேண்டும் என்ற தடையை வேறொரு வழியில் தாண்டினார்கள். பிரிட்டனின் தேசிய நிதியில், பெனின், கானா, இந்தியா, மெக்ஸிகோ, நைஜீரியா, ருவாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் மருத்துவமனைகள் ஒரே வலையமைப்பாக இணைந்தன. இந்தியாவில் லூதியானாவின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இதன் மையம். ஃபால்கன் என்ற முதல் பெரிய ஆய்வு 54 மருத்துவமனைகளில் 5,788 பேரைச் சேர்த்தது. தோலைக் கிருமிநீக்கம் செய்யும் விலை கூடிய குளோர்ஹெக்சிடின் திரவமும் டிரைக்ளோசான் என்ற கிருமிக்கொல்லி பூசிய தையல் நூலும் அறுவைப் புண்ணில் சீழ் பிடிப்பதைக் குறைக்குமா என்பது கேள்வி. குறைக்கவில்லை. மலிவான போவிடோன் அயோடினும் சாதாரண நூலும் போதும் என்று 2021இல் தெரிந்தது. பணக்கார நாட்டு ஆய்வுகளைப் பெரிதும் நம்பி எழுதிய சர்வதேசப் பரிந்துரைகள், ஏழை மருத்துவமனைகளைத் தேவையற்ற செலவுக்குத் தள்ளியிருந்தன. ஆய்வில் பங்கேற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல், 22 சதவீதத்தினருக்கு, சீழ் பிடித்திருந்தது. 

அடுத்த ஆய்வான சீட்டா, கோவிட் நடுவில், 81 மருத்துவமனைகளில் 13,301 பேரோடு நடந்தது. வயிற்றை மூடித் தைப்பதற்குச் சற்று முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினால் போதுமா என்று கேட்டது. சீழ் பிடித்தவர்கள் 18.9 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தார்கள். ஏழு ஏழை, நடுத்தர நாடுகள் உலகத்துக்கே தந்த விடை இது. கேள்வி எளியது, பொருள் தியேட்டரிலேயே இருப்பது, பதிவு 30 நாளில் முடிந்துவிடுவது. ஆகவே வலையமைப்பு அதைச் சுமக்க முடிந்தது.

குடலிறக்க வலை அந்த வகைக் கேள்வி அன்று. 30 நாளில் அதற்கு விடை இல்லை. கொசுவலைத் துணி வைத்தவர்களைப் பத்தாண்டுகள் தொடர வேண்டும், பெண்களையும் அவசர அறுவைக்கு வருகிறவர்களையும் சேர்க்க வேண்டும், துணியின் இழையை ஒவ்வொரு கொள்முதலிலும் சோதித்து முத்திரையிட ஒரு பொது ஆய்வகம் வேண்டும். நான்காண்டு, ஐந்தாண்டு நிதிச் சுழற்சிகளில் இது அடங்காது. மகாராஷ்டிரத்திலும் உகாண்டாவிலும் அந்தத் துணியை உடலில் சுமப்பவர்களின் பெயர்கள் மருத்துவமனை ஏடுகளில் இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உகாண்டாவின் சுகாதார அமைச்சகமும் அந்த ஏடுகளிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம். அதற்கு வெளிநாட்டு நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.